பின்னால் வருபவரின் விளக்கு

ராத்திரி எட்டு மணிக்குப் புதுச்சேரி-கடலூர் ரோட்டில் பிள்ளையார்குப்பத்தைக் கடந்து பாருங்கள். வில்லியனூர்ப் பக்கத்துப் பிள்ளையார்குப்பம் அல்ல, பாகூர்ப் பக்கத்துப் பிள்ளையார்குப்பம். மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரி வாசலில் ஆம்புலன்ஸ் திரும்பும். கிருமாம்பாக்கத்திலிருந்து கல்லூரிப் பேருந்து வரும். கடலூர் போகும் தனியார் பஸ், நிறுத்தம் வருவதற்கு முன்பே பாதி ரோட்டில் நின்று ஆள் ஏற்றும். கரும்பு சீசன் என்றால் டிராக்டர் ஒன்று, தன்னைவிட அகலமான பாரத்தை இழுத்துக்கொண்டு ஓரமாக ஊர்ந்துபோகும். முன்னால் போகிறவர் பிரேக் பிடிக்கிறாரா, திரும்பப் போகிறாரா, அடியோடு நின்றேவிட்டாரா என்பதை நமக்குச் சொல்ல, ஒவ்வொரு வண்டியின் முதுகிலும் இருப்பது உள்ளங்கை அகலச் சிவப்பு மட்டும்தான்.

அந்த உள்ளங்கை அகலத்தைத்தான் இப்போது இளைஞர்கள் பிரித்து மேய்கிறார்கள். டெயில் லைட்டைக் கழற்றி, சூடு காட்டிக் கண்ணாடியைப் பெயர்த்து, உள்ளே இருக்கும் பல்பைத் தூக்கி எறிந்துவிட்டு, எல்.இ.டி. வரிசைகளைப் பதித்து மறுபடி ஒட்டுகிறார்கள். சென்னை ஜி.பி. ரோட்டில் ரெடிமேடாகவே வாங்கலாம். கையில் சால்டரிங் இரும்பு பிடிக்கத் தெரிந்தவர்கள் அங்கேயே ரிச்சி தெருவில் உதிரியாக வாங்கிவந்து தாங்களே செய்கிறார்கள். பலதும் பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. சில, மாரியம்மன் திருவிழா சீரியல் செட்டைக் காருக்குக் கட்டிவிட்டதுபோல் இருக்கின்றன.

செய்கிறவர்களைத் திட்டுவது என் நோக்கம் இல்லை. பழைய பல்பைவிட எல்.இ.டி. நல்ல விளக்கு, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் தன் காரின் டெயில் லைட்டை ஓட்டுகிறவர் பார்ப்பதே இல்லை. பார்க்கிறவர் பின்னால் வருகிறவர். எந்த எல்.இ.டி., எத்தனை, எவ்வளவு கரண்ட் என்ற கேள்விகளையெல்லாம் அவர் கண்ணிலிருந்து கேட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில், எல்.இ.டி. எதற்காக? பழைய டெயில் லைட்டில் இருப்பது இரட்டை இழைப் பல்பு. பிரேக்குக்கு 21 வாட் இழை, பார்க் லைட்டுக்கு 5 வாட் இழை. டங்ஸ்டன் இழை சூடேறிச் சிவந்து வெளுத்தால்தான் வெளிச்சம். அதற்கு ஏறத்தாழ 0.2 நொடி ஆகும். எல்.இ.டி.க்குச் சூடேறும் வேலை கிடையாது. கரண்ட் வந்த கணமே முழு ஒளி. மணிக்கு 80 கிலோமீட்டரில் வருகிறவர் அந்த 0.2 நொடியில் 4.4 மீட்டர் கடந்துவிடுவார். ஓர் ஆல்ட்டோ காரின் முழு நீளமே மூன்றரை மீட்டர் அளவுதான். பின்னால் வருகிறவருக்கு ஒரு கார் நீளத்துக்கும் அதிகமான இடம் சும்மா கிடைக்கிறது என்றால், மாற்றுவதற்கு அதைவிட நல்ல காரணம் வேறு வேண்டியதில்லை.

கார் கம்பெனிகளும் இதைத் தெரிந்தே செய்தன. அமெரிக்காவில் 1986 மாடல் கார்களிலிருந்து பின் கண்ணாடி உயரத்தில் மூன்றாவது பிரேக் லைட் கட்டாயமானது. எல்.இ.டி. முதலில் நுழைந்தது அந்த மெல்லிய பட்டையில்தான். 1998-இல் வந்த மஸராட்டி 3200 ஜிடி, வளைதடி வடிவத்தில் எல்.இ.டி. டெயில் லைட்டுடன் வந்து ஊரையே திரும்பிப் பார்க்க வைத்தது. 2000-ஆம் ஆண்டு மாடலில் காடிலாக் டெவில் அதைப் பின்பற்றியது. இன்று நம் ஊர் ஷோரூமில் நிற்கும் சின்னக் காரிலேயே அது இருக்கிறது.

நிறம்: கண்ணாடி சிவப்பாக இருந்தால் போதாது

அதிகம் நடக்கும் தவறு இதுதான். கடையில் வெள்ளை எல்.இ.டி. பல்பு வாங்கிச் சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் மாட்டுவது. பழைய பல்பில் இது சரியாக வேலை செய்தது. ஏனென்றால் டங்ஸ்டன் இழையின் ஒளியில் சிவப்பு ஏராளம். கண்ணாடி மற்ற நிறங்களை வடிகட்டிவிட்டு அதை வெளியே விட்டது. வெள்ளை எல்.இ.டி. அடிப்படையில் ஒரு நீல எல்.இ.டி. அதன்மேல் பூசிய பாஸ்பர் மஞ்சள் ஒளி தருகிறது; நீலமும் மஞ்சளும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. அதில் ஆழ்ந்த சிவப்பு கொஞ்சம்தான். கண்ணாடி பெரும்பகுதியை விழுங்கிவிட்டு மீதியை வெளியே விடும். பெட்டியில் ‘சூப்பர் பிரைட்’ என்று போட்டிருக்கும். ரோட்டில் மங்கிய ரோஸ் நிறம் தெரியும்.

சிவப்புக் கண்ணாடிக்குச் சிவப்பு எல்.இ.டி., இண்டிகேட்டருக்கு ஆம்பர் எல்.இ.டி., ரிவர்ஸுக்கும் நம்பர் பிளேட்டுக்கும் மட்டும் வெள்ளை. இதில் பேரம் கிடையாது. சிவப்பிலும் 620 முதல் 630 நானோமீட்டர் வரை உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். இவை அலுமினியம், இண்டியம், கேலியம், பாஸ்பரஸ் நான்கும் சேர்ந்த படிகத்தில் செய்தவை. 1962-இல் நிக் ஹோலோன்யாக் கண்ணுக்குத் தெரியும் முதல் சிவப்பு எல்.இ.டி.யைச் செய்து காட்டியபோது, அது கருவிகளில் அடையாள விளக்காக இருக்கத்தான் லாயக்கு. பட்டப்பகல் வெயிலில் பிரேக் லைட்டாகத் தெரியும் அளவுக்கு அதை உயர்த்தியது இந்த நான்கு மூலகக் கலவைதான்.

கேண்டெலா மயக்கம்

ரிச்சி தெருவில் ஒரு பாக்கெட்டில் 12,000 மில்லி கேண்டெலா என்று இருக்கும், இன்னொன்றில் 1,000 என்று இருக்கும். யாராக இருந்தாலும் கை முதல் பாக்கெட்டுக்குத்தான் போகும். அதற்கு முன் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் கோணத்தைப் படியுங்கள்.

கேண்டெலா என்பது ஒரு திசையில் ஒளி எவ்வளவு அழுத்தமாகப் போகிறது என்ற அளவு; மொத்த ஒளி எவ்வளவு என்பதற்கு லூமென். 15 டிகிரிக்குள் ஒளியைக் குவித்துவிட்டால் கேண்டெலா எகிறும். கணக்குப் போட்டால், 15 டிகிரியில் 12,000 மில்லி கேண்டெலா தரும் எல்.இ.டி.யின் மொத்த ஒளி ஏறத்தாழ 0.64 லூமென். 60 டிகிரியில் 1,000 தருவதன் மொத்த ஒளி 0.84 லூமென். பன்னிரண்டில் ஒரு பங்கு என்று நினைத்ததுதான் உண்மையில் அதிக வெளிச்சம் தருகிறது.

நேர் பின்னால் வருகிறவருக்கு அந்த 15 டிகிரி விளக்கு கண்ணைக் குத்தும். பாகூர்ப் பக்கச் சந்திலிருந்து மெயின் ரோட்டுக்கு ஏறும் மொபெட்காரருக்கு அது இருப்பதே தெரியாது. ஐக்கிய நாடுகள் சபையின் வாகன விதிகள், டெயில் லைட் வெளிப்பக்கமாக 80 டிகிரி வரை, உள்பக்கமாக 45 டிகிரி வரை கண்ணில் பட வேண்டும் என்று சொல்வது அவரை மனத்தில் வைத்துத்தான். கம்பெனி விளக்கு காரின் மூலையில் சுற்றி வளைந்து பக்கவாட்டிலும் எட்டிப் பார்ப்பது அழகுக்காக மட்டும் இல்லை. அந்த வளைவில் ஒரு எல்.இ.டி.கூட வைக்காமல் தட்டையான பலகையில் எல்லாவற்றையும் நேராகக் குத்திவைத்தால், பக்கவாட்டு இருட்டாகிவிடும். நான்கு கால் உள்ள ‘பிரானா’ வகை அகலக் கோணத்தில் கிடைக்கும். டெயில் லைட்டுக்கு ஐந்து மில்லிமீட்டர் குமிழைவிட அதுவே பொருத்தம். குமிழ்தான் கிடைக்கிறது என்றால், பாதியை நேராகவும் மீதியைச் சாய்த்தும் வைக்க வேண்டும்.

பார்க் லைட்டுக்கும் பிரேக் லைட்டுக்கும் நடுவே

கோணத்தைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. சொந்தமாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் தவறவிடுவதும் அதையே. பழைய பல்பில் 21 வாட் இழை 440 லூமென் தரும். 5 வாட் இழை 35 லூமென்தான். பிரேக்கை மிதித்தால் பன்னிரண்டு மடங்குக்கு மேல் ஏறும். விதிப்படி குறைந்தது ஐந்து மடங்காவது வித்தியாசம் இருந்தாக வேண்டும். வாகன விளக்குகளுக்கான நமது ஏ.ஐ.எஸ். 012 தரமும் அந்த வழியில் போவதுதான்.

எல்.இ.டி. போட்டவர்கள் பார்க் லைட்டே பளபளவென்று எரிய வேண்டும் என்று ஆசைப்பட்டு அதிலேயே முக்கால் கரண்டைக் கொடுத்துவிடுகிறார்கள். பிரேக் மிதிக்கும்போது ஏறுவதற்கு மிச்சம் இல்லை. பின்னால் வருகிறவருக்கு அந்தக் கார் எப்போதும் பிரேக் பிடித்துக்கொண்டே போகிறது, அல்லது எப்போதுமே பிடிக்கவில்லை. சிவப்பு எவ்வளவு பிரகாசம் என்று கண் அளப்பதில்லை. சட்டென்று மாறியதா என்றுதான் பார்க்கிறது. மாறாத சிவப்பு, சேதி சொல்லாத சிவப்பு.

பன்னிரண்டு வோல்ட் என்ற பொய்

இனிக் கொஞ்சம் கணக்கு. பேட்டரி மேல் 12 வோல்ட் என்று எழுதியிருக்கும். இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் தருவது 13.8 முதல் 14.4 வோல்ட் வரை. கிட்டத்தட்ட இரண்டரை வோல்ட் வரை போகும் இந்த வித்தியாசம்தான் எல்லாக் கோளாறுக்கும் மூலம்.

ஒரு சிவப்பு எல்.இ.டி.க்கு ஏறத்தாழ 2.1 வோல்ட் வேண்டும். மூன்றை வரிசையாகக் கோர்த்தால் 6.3. 14.4-இல் மீதி 8.1 வோல்டை ரெசிஸ்டர் தாங்க வேண்டும். 470 ஓம் போட்டால் இன்ஜின் ஓடும்போது 17 மில்லி ஆம்பியர், இன்ஜினை அணைத்து 12 வோல்டில் பார்த்தால் 12 மில்லி ஆம்பியர். குறைகிறது, ஆனால் ஏற்றுக்கொள்ளலாம். இப்போது சிக்கனம் பார்த்து ஐந்தைக் கோர்ப்போம். 10.5 வோல்ட் எல்.இ.டி.க்கே போய்விடும். 220 ஓம் போட்டால் இன்ஜின் ஓடும்போது கிட்டத்தட்ட 18. அணைத்தால் 7-க்கும் கீழே. ரெசிஸ்டருக்கு விடும் மீதி வோல்ட் குறையக் குறைய, கரண்ட் பேட்டரியின் ஏற்ற இறக்கத்துக்கு ஆட ஆரம்பிக்கும். ஐடிலிங்கில் ஏ.சி.யும் ஹெட்லைட்டும் சேர்ந்து இழுக்கும்போது விளக்கு மங்குவதும், ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் பளிச்சிடுவதும் இதனால்தான். மூன்று மூன்றாகக் கோர்ப்பது ரெசிஸ்டரில் கரண்டை வீணாக்குகிறது என்பார்கள். 30 எல்.இ.டி. உள்ள முழு விளக்கும் சேர்ந்து இரண்டரை வாட் அளவுதான் எடுக்கும். பழைய பல்பு 21 வாட் எடுத்தது. இதில் என்ன சிக்கனம் பார்ப்பது?

பிரேக், பார்க் இரண்டையும் ஒரே எல்.இ.டி.யில் எடுக்க வேண்டுமா? பிரேக் ஒயரில் 470 ஓம், பார்க் ஒயரில் 2.7 கிலோ ஓம். ஒன்றின் கரண்ட் மற்றொன்றுக்குத் திரும்பி ஓடாமல் இருக்க ஆளுக்கொரு டயோடு. டயோடு 0.7 வோல்ட் எடுத்துக்கொள்ளும். பார்க் லைட்டில் 3 மில்லி ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு, பிரேக்கை மிதித்தால் 18 அளவில். ஆறு மடங்குக்கு மேல் வித்தியாசம் வந்துவிட்டது. ரெசிஸ்டர் கால் வாட் போதும் என்று கடைக்காரர் சொல்வார். கணக்குப்படி சரிதான், 0.12 வாட்தான் வருகிறது. ஆனாலும் மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைப்பதால் அரை வாட்டே வாங்குங்கள். விலை வித்தியாசம் சில காசு.

மீட்டர் கணக்கில் விற்கும் ரெடிமேட் ஸ்ட்ரிப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதில் மூன்று எல்.இ.டி.க்கு ஒரு ரெசிஸ்டர் என்று சரியாக 12 வோல்டுக்குக் கணக்குப் போட்டிருப்பார்கள், வீட்டு சீலிங்குக்காக. அதைக் காரில் 14.4 வோல்டில் ஓட்டினால் சிவப்பு ஸ்ட்ரிப்பில் நாற்பது சதவீதம் கரண்ட் கூடும். வெள்ளை எல்.இ.டி. ஒவ்வொன்றும் 3.2 வோல்ட் எடுப்பதால் 12 வோல்டில் ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது 2.4 மட்டும், 14.4-இல் அது 4.8. கரண்ட் அப்படியே இரட்டிப்பு! காரில் ஒட்டிய வெள்ளை ஸ்ட்ரிப் சில மாதத்தில் பல் விழுந்த மாதிரி நடுநடுவே செத்துப்போவதற்கு இந்தக் கணக்கே காரணம். சீனாக்காரனைத் திட்டிப் பயனில்லை.

எல்லாம் சரியாக இருந்தும் விளக்கு விநோதமாக நடந்துகொண்டால் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் சொல்வதையே கேளுங்கள்: எர்த்தைப் பார். பழைய பாடியில் துரு ஏறிய எர்த் பாயிண்ட், 21 வாட் பல்பை மங்க வைக்கும். எல்.இ.டி.யோ சின்னக் கரண்டிலேயே எரியக்கூடியது. இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட் மினுக்கும் வேடிக்கையெல்லாம் அதில் நடக்கும்.

இண்டிகேட்டரை மாற்றியதும் டிக் டிக் என்று இரட்டை வேகத்தில் அடிக்கும். பல்பு ஃபியூஸ் ஆகிவிட்டது என்று பழைய ஃபிளாஷர் நினைத்துக்கொள்கிறது. நிமிடத்துக்கு 60 முதல் 120 முறைதான் மின்ன வேண்டும். இதற்குப் பல கடைகளில் 6 ஓம், 50 வாட் ரெசிஸ்டர் ஒன்றைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். 14 வோல்டில் அது ஏறத்தாழ 33 வாட் சூட்டைக் கக்கும். பக்கத்தில் இருக்கும் ஒயர் உறையும் பிளாஸ்டிக்கும் இளகும். எல்.இ.டி.க்கான ஃபிளாஷர் ரிலேயை மாற்றிவிட்டால் அந்தத் தலைவலியே கிடையாது.

வெயிலும் உப்பும்

சிவப்பு எல்.இ.டி.க்கு ஒரு பலவீனம் உண்டு. சூடேறினால் நீலம், வெள்ளையைவிட வேகமாக ஒளி இழக்கும். சிப்பின் சூடு 100 டிகிரியைத் தொட்டால் பாதி வரைகூட இறங்கலாம். சித்திரை வெயிலில் நிறுத்திய காரின் டெயில் லைட் பெட்டி ஏற்கெனவே அடுப்பு, அதில் எல்.இ.டி.யும் தன் சூட்டைச் சேர்க்கிறது. பட்டப்பகலில்தான் பிரேக் லைட் மிகப் பிரகாசமாகத் தெரிய வேண்டும். அப்போதுதான் அது மங்குகிறது. ஆகவே 20 மில்லி ஆம்பியர் தாங்கும் எல்.இ.டி.க்கு முழு 20-ஐயும் கொடுக்காதீர்கள். ஒரு வாட், மூன்று வாட் ‘பவர்’ எல்.இ.டி. போடுகிறவர்கள் அலுமினியப் பலகை இல்லாமல் ஆரம்பிக்கவே வேண்டாம்.

இந்தப் பக்கம் கடல் கூப்பிடு தூரம். உப்புக் காற்று சால்டர் வைத்த இடத்தைப் பச்சை பூக்க வைத்துவிடும். பலகையை முடித்தபின் வார்னிஷ் மாதிரியான பூச்சு ஒன்று கட்டாயம். கண்ணாடியை ஒட்டும்போது புளித்த வாடை அடிக்கும் சிலிகான் வேண்டாம். அது கக்கும் அசிட்டிக் அமிலம் செம்பை அரிக்கும். ‘நியூட்ரல்’ என்று போட்ட சிலிகானோ, பியூட்டைல் பட்டையோ வாங்குங்கள்.

ஆர்.டி.ஓ. என்ன சொல்வார்?

இவ்வளவும் படித்துவிட்டு இரும்பைச் சூடாக்கப் போகிறவர்கள் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் தந்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை அழுத்தமாக உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவுப்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். டெயில் லைட் என்பது அதற்குரிய பல்போடு சேர்த்துச் சோதித்துச் சான்று பெற்ற பொருள். உள்ளே பல்பின் வகையை மாற்றிய நொடியில் அந்தச் சான்று செல்லாது.

என் கட்சி இதுதான்: சாலையில் ஓடும் புதுக் காரில் கை வைக்காதீர்கள். அதன் விளக்கைச் செய்தவர்களிடம் ஒளியை அளக்கும் கூடம் இருந்தது. அழகு போதவில்லை என்றால், அதே மாடலின் உயர் ரகத்தில் வரும் எல்.இ.டி. விளக்கை வாங்கி மாட்டலாமா என்று ஷோரூமில் கேளுங்கள். கண்ணாடிக்குக் கறுப்புப் பூச்சு அடிப்பது, பின்னால் நீல விளக்கு எரியவிடுவது இரண்டும் கைவேலையில் சேராது. பின்னால் வருகிறவரைக் குருடாக்குகிற வேலை. உதிரி கிடைக்காமல் தவிக்கும் பழைய பத்மினி, கான்டஸா கார் வைத்திருப்பவர்கள் நிலைமை வேறு. அவர்களிடம் கண்டிப்புக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. புதுச்சேரியில் கண்காட்சிக்குப் போகும் பழைய கார் வைத்திருப்பவர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கேட்டுவிட்டுச் செய்யலாம். அப்போதும் சிவப்பு ரிஃப்ளெக்டரைத் தூக்காதீர்கள். பேட்டரி செத்துப்போய் ரோட்டோரம் நிற்கும் வண்டியை அது ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும்.

இந்தத் திறமையெல்லாம் உண்மையில் எங்கே தேவைப்படுகிறது என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. கரும்பு டிரெய்லர். பாகூர் ஏரிப் பாசன ஊர்களிலிருந்தும் கடலூர் மாவட்டத்து வயல்களிலிருந்தும் பாரம் ஏற்றி ராத்திரியில் கிளம்பும் டிரெய்லர்களில் பலவற்றுக்குப் பின்னால் விளக்கே எரிவதில்லை. இருந்தால் தொங்கும் கரும்பு அதை மூடியிருக்கும். டிராக்டரிலிருந்து வரும் ஒயர் எங்கோ சிக்கி அறுந்திருக்கும். பல்பு, வரப்பில் ஏறி இறங்கிய அதிர்ச்சியில் இழை அறுந்து போயிருக்கும். எல்.இ.டி.யில் அறுந்துபோக இழையே கிடையாது. லாரிகளுக்கு விற்கும், முழுக்க மூடி வார்த்த எல்.இ.டி. விளக்குகள் தண்ணீருக்கும் அசைவதில்லை. விதிப்படி பின் விளக்கின் சிவப்பு 155 மீட்டர் தூரத்தில் தெரிய வேண்டும். அதற்குப் பெரிய கலைநயம் தேவையில்லை: அகலக் கோண விளக்கு ஒரு ஜோடி, பாரத்தின் கடைசி நுனியில் கொக்கி போட்டு மாட்டும் பலகை ஒன்று, அறுந்தால் மாற்றிக்கொள்ளும்படி பிளக் வைத்த ஒயர். காருக்கு டிசைன் போடும் பையன் ஒரு மாலையில் முடித்துவிடுவான்.

காரோ டிரெய்லரோ, மாட்டிய விளக்கைச் சோதிக்காமல் ரோட்டுக்குக் கொண்டுவராதீர்கள். சோதனையைப் பட்டப்பகல் வெளிச்சத்தில் செய்ய வேண்டும், விளக்கின்மேல் நேராக வெயில் விழும்படி வண்டியைத் திருப்பி நிறுத்தி. ஒருவர் பார்க் லைட்டைப் போட்டுவிட்டு பிரேக்கை மிதித்து மிதித்து விடட்டும். இன்னொருவர் ஐம்பது அடி பின்னால் நின்று பார்த்துவிட்டு, அங்கிருந்து பக்கவாட்டில் நடக்கட்டும், வண்டியின் மூலையைத் தாண்டி ஏறக்குறைய விலாப் பக்கம் வரும் வரைக்கும். எந்த இடத்திலாவது, மிதித்தாரா இல்லையா என்று கேட்க வேண்டி வந்தால் விளக்கை மறுபடி கழற்றுங்கள். பிறகு இன்ஜினை அணைத்துவிட்டு ஒரு முறை, ஓடவிட்டு ஒரு முறை. கடைசியாக, பிரேக்கை அழுத்தியபடியே பத்து நிமிடம் எரியவிட்டு, முதல் நிமிடம் இருந்த சிவப்பு அப்படியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கண்ணாடியை ஒட்டுங்கள்.